அண்ணியின் படமும் அண்ணன் லென்ஸும்

"ஆதார் கார்டு மூஞ்சியப் பெருசு பண்ணி மட்டும் யாரும் வெச்சிடாதீங்க, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி.

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தோம். டீயை வலிக்காத கன்னத்துப் பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினாள். வாய்க்குள் ஆறாத புண் என்று காட்டப் போனது, புற்று என்று முடிந்திருந்தது. தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும், முகம் கொஞ்சம் மாறும் என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். அண்ணி அழவில்லை. எதிரே மின்கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொண்டே அந்த ஆதார் கார்டு பேச்சைச் சொன்னாள்.

அந்த பேனரில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவை யாரோ ஒரு கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். தோள்மேல் யாருடைய விரல்களோ மிச்சம் இருந்தன. எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு இதுதான் கதி. உயிரோடு இருக்கிறவரை தனியாக உட்காரவைத்து ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணை மூடிய பிறகு, காரியத்தன்று படத்திறப்பு வைக்கவேண்டும் என்றதும் பீரோவைக் குடைவார்கள். கடைசியில் ரேஷன் கடைக்குப் போகிற பையிலிருந்து ஆதார் கார்டு கிடைக்கும். திருடி மாதிரி முழிக்கிற அந்த மூஞ்சியை வாசல் உயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் ரோஜாப்பூவும் புறாவும் வைத்துவிடுவார்கள்.

"இன்னா பேச்சு பேசற நீ? ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னுதான சொன்னாங்க?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேலேயே இருக்கும். பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரியாவட்டும். இந்த மூஞ்சி திரும்ப வராதில்ல? அதுக்கு முன்னாடி உங்கண்ணன் கையால ஒரே ஒரு படம். ஊரு ஒலகத்தையெல்லாம் புடிச்ச மனுஷன். என்னை ஒரு தபா புடிச்சிருக்காரா?"

அண்ணியும் நானும் ஒலக்கூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவளை அண்ணனுக்குப் பார்க்கச் சொன்னதே நான்தான். அதனால் எங்களுக்குள் வாங்க போங்க எல்லாம் கிடையாது. அண்ணன் சென்னையில் விளம்பரப் படங்களுக்குக் கேமரா உதவியாளராக இருந்தார். ஓடியாடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு நாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் தேறிவிட்டது. கை தேறவில்லை. திண்டிவனத்துக்கே வந்துவிட்டார்கள். அண்ணி வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள், அதில் வீடு நடந்தது. அண்ணன் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்கு வேலை.

நான் விழுப்புரத்தில் ஜங்ஷன் பக்கம் லென்ஸ் சர்வீஸ் செய்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்கள்தான் என் கடைக்கு வருவார்கள். லென்ஸைத் திறந்தால் மஞ்சள் அரிசி விழும், ஓமப்புகை படிந்திருக்கும், ஒருமுறை சந்தனமே இருந்தது. துடைத்துக் கொடுத்துத் திட்டியும் அனுப்புவேன். திட்டாமல் கொடுத்தால் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

அண்ணி கேட்டது அண்ணனை எழுப்பி உட்காரவைத்துவிட்டது. பரண்மேல் இருந்த பெட்டியிலிருந்து தன் பழைய சினி லென்ஸை இறக்கச் சொன்னார். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது, வேலை பார்த்த இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கி வைத்திருந்தார். கனமான பித்தளை உடம்பு, முன்னால் நீலமாக மினுங்கும் கண்ணாடி. அதைச் சின்ன டிஜிட்டல் கேமராவில் மாட்ட ஒரு வளையம் நானே வாங்கிக் கொடுத்தேன். போனிலேயே ஒரு படம் எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு என்னை முறைத்தார்.

அந்த மாதிரி லென்ஸில் எல்லாமே கையால்தான். உள்ளே மெல்லிய தகடுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். வெளியே இருக்கிற அப்பர்ச்சர் ரிங்கைத் திருகினால் அந்தத் தகடுகள் விரிந்து சுருங்கி வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். அண்ணனுக்கு ஒரு பழக்கம். முழுசாகத் திறந்து வைத்து எதிரே இருப்பவர் கண்ணில் போகஸ் பிடிப்பார், பிறகு ரிங்கைச் சுற்றி மூடிக்கொண்டுவந்து எடுப்பார். ஒவ்வொரு படத்துக்கும் அப்படித்தான். ஒரே இடத்தில் வைத்துவிட்டு எடுப்பதெல்லாம் சோம்பேறி வேலை என்பார். அந்த ரிங்கை வலது கையாலேயே சுற்றிப் பழகியவர், இப்போதும் அதை இடது கைக்கு விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. காலையிலேயே.

"பாப்பா, கை வந்துடுச்சு!" அண்ணன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "ரிங்கு இம்மாம் நாளா அசைய மாட்டேன்னுச்சு. இன்னிக்கு ஒத்தை வெரல்ல சுத்தறேன். உங்கண்ணியக் கேளு!"

பின்னால் அண்ணியின் சிரிப்பு கேட்டது. நான் கடையில் கஸ்டமர் முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை.

ஆனால் மறுபடியும் போன் வந்தபோது குரல் மாறியிருந்தது. "லென்சு பேஜாரு பண்ணுது. கை சுத்துது, ரிங்கும் சுத்துது, லைட்டு மட்டும் அதுக்குத் தக்கன மாற மாட்டேங்குது. ஒரு நேரம் வெளுத்துப் போவுது, ஒரு நேரம் இருட்டிக்குது. அட்மிட் பண்றதுக்குள்ள செஞ்சு குடுத்துடு."

போய் எடுத்துவந்தேன். மேஜைமேல் வைத்துக் கையால் அசைத்ததுமே ரிங் லொடலொடவென்று ஆடியது. அந்த ரிங்கை உள்ளே இருக்கும் வளையத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது கடுகு அளவு ஸ்க்ரூக்கள் மூன்று. அவை தளர்ந்திருந்தால் வெளி ரிங் மட்டும் சும்மா சுற்றும், உள்ளே தகடுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். சில நேரம் உரசி இழுத்துக்கொண்டு போகும், சில நேரம் போகாது. அண்ணன் சொன்ன கோளாறு அதுதான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூக்கள் நாள்பட்டுத் தானாகத் தளரவில்லை. யாரோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகியிருந்தார்கள். தலையில் புதுக் கீறல், பித்தளை பளபளவென்று தெரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "எந்தக் கட்டையில போறவன் இதுல கை வெச்சான்?"

"யாரும் தொடலியே" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பெட்டியோடு சென்னையில் கிடந்த காலத்தில் எவனோ பார்த்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். கீறல் புதுசு என்று கண் சொன்னது, கோபத்தில் அதை யோசிக்கவில்லை.

அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. ரிங்கைக் கழற்றினேன். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாக இறுகியிருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தேன். சினி லென்ஸின் ரிங் கனமாகத்தான் சுற்ற வேண்டும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நகர்ந்துவிடக் கூடாது, தொட்ட இடத்தில் நிற்கவேண்டும். அதற்கென்று நான் பத்திரமாக வைத்திருந்த கெட்டி கிரீஸைப் பூசினேன். உள்ளே தகடு நிற்கிற இடமும் வெளியே ரிங்கில் பொறித்த எண் நிற்கிற இடமும் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து, மூன்று ஸ்க்ரூவையும் சமமாக இறுக்கினேன். சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, உரசல் இல்லை, கெட்டித் தயிரில் கரண்டி விட்டது மாதிரி போனது. என் வேலையை நானே மெச்சிக்கொள்வது எனக்கு வழக்கம். அன்றும் மெச்சிக்கொண்டேன்.

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் பிற்பகல் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போனேன். ஸ்க்ரூடிரைவர் பையும் கூடவே இருந்தது. மொட்டை மாடியில் எல்லாம் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையை ஓரமாக ஒதுக்கி, அண்ணியின் தையல் ஸ்டூலைப் போட்டிருந்தார்கள். அண்ணி நாவல்பழ நிறத்தில் ஒரு சேலை. தலைக்குக் குளித்துப் பின்னியிருந்தாள். கன்னத்தில் லேசான வீக்கம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அண்ணன் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். திரையைப் பார்த்து போகஸ் பிடித்தார், அதற்கு இடது கை போதுமானதாக இருந்தது. பிறகு வலது கையைத் தூக்கி ரிங்கின்மேல் வைத்தார்.

ரிங் அசையவில்லை.

விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்தார். கட்டைவிரல் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நான் செய்த ரிங் கல்லாக நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார், அது யாருடைய கை என்பதுபோல.

"நான் சுத்தட்டாண்ணா?" என்று போனேன்.

"ஒத்து, தள்ளிப் போ!" என்று ஒரு சத்தம். என் ஆயுசில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. உடனே குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் சுத்துச்சே பாப்பா. நல்லா சுத்துச்சே."

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பைபாஸில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

அண்ணி எழுந்து என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். தையல் மிஷின் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ ஏன்டி அதை டைட்டு பண்ண?"

"டைட்டு பண்ணாம? ஸ்க்ரூ எல்லாத்தையும் எவனோ அவுத்து விட்டுக்கிறான்..."

"நான்தான் அவுத்தேன்."

"நீயா?"

"தெனம் நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கினு அந்த ரிங்க வெச்சிக்கினு போராடுவாரு. ஒரு நாளு அழுதுக்கினு இருந்தாரு. சத்தம் வராம" என்றாள் அண்ணி. மிஷின் டிராயரை இழுத்து, பாபின் பெட்டியையும் அதோடு இருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக் காட்டினாள். "நூலு இழுத்துப் புடிச்சா இந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் லூஸ் பண்ணா லேசா வரும். அதுபோலதான் இதுவும்னு நெனச்சேன். அவரு பாத்ரூம் போன நேரத்துல ஜல்தியா திருகி வெச்சிட்டேன். மறுநா சுத்திப் பாத்துட்டு கை வந்துடுச்சுன்னு குதிச்சாரு பாரு. அந்தச் சிரிப்ப நான் பாத்து எத்தினி நாளாச்சு தெரியுமா? லைட்டு மாறாதுன்னு எனக்கு இன்னா தெரியும்? தையக்காரிதான நான்."

கட்டையில போறவன் என்று நான் திட்டியது அவளைத்தான். எனக்கு என்மேல் கோபம் வந்தது, அவள்மேல் வந்தது, அண்ணன் கைமேல், அந்த டாக்டர்மேல், எல்லார்மேலும் வந்தது. அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் முதுகைத் தட்டிவிட்டு, "வெயில் எறங்கிக்கினு போவுது. திரும்ப லூஸ் பண்ணிடு" என்றாள்.

"லூஸ் பண்ணா படம் வராதுடி. சும்மாதான் சுத்தும்."

"அப்ப எப்படியாச்சும் பண்ணு. ஆனா அவரு கையாலதான் சுத்தணும். இன்னிக்கு விட்டா எனக்கு இந்த மூஞ்சி இல்ல."

மேலே போய் அண்ணனிடம், "புது கிரீசுண்ணா, இறுகிக்கிச்சு. கை மேல தப்பு இல்ல. நான்தான் கெட்டியா போட்டுட்டேன். கொஞ்சம் இரு" என்றேன். அதில் பொய் பாதிதான். அவர் நம்பினாரா தெரியவில்லை. லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார்.

அண்ணியின் மிஷின் மேஜையிலேயே உட்கார்ந்து பிரித்தேன். பையில் சின்ன பெட்ரோல் புட்டி இருந்தது, ஆனால் லேசான கிரீஸ் இல்லை. அது விழுப்புரத்தில் இருந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட கெட்டி கிரீஸை அண்ணியின் ஜாக்கெட் லைனிங் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். வெறும் பித்தளைமேல் பித்தளை, எதுவும் போடாவிட்டால் பிடித்துக்கொள்ளும். எதிரே அண்ணியின் தையல் மிஷின் எண்ணெய் டப்பா இருந்தது.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் தொண்டை வறளக் கத்துவது ஒரே விஷயத்துக்குத்தான். லென்ஸுக்குள் மிஷின் எண்ணெய் விடாதே. முதலில் சுகமாகச் சுற்றும், பிறகு மெல்லக் கசிந்து உள்ளே தகடுகளில் ஏறி ஒட்டிக்கொள்ளும். அத்தோடு லென்ஸ் படுத்துவிடும், முழுசாகப் பிரித்தால்தான் எழும். எத்தனையோ பேரை அதற்காக வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கவிழ்த்தேன். ரிங்கின் உள்பக்கம் முழுக்க எண்ணெயைத் தடவினேன். அண்ணனின் லென்ஸை நான் என் கையாலேயே கொல்கிறேன் என்று தெரிந்துதான் தடவினேன். ரிங்கின் எண்ணும் உள்தகடும் நிற்கிற இடத்தைப் பொருத்தினேன், மூன்று ஸ்க்ரூவையும் நன்றாக இறுக்கினேன். இந்தத் தடவை ஆட்டமும் இல்லை, கனமும் இல்லை. ஊதினால் சுற்றும்போல இருந்தது.

மாடியில் வெயில் மஞ்சளாகி, சுவரின் நிழல் ஸ்டூல் கிட்டே வந்துவிட்டது. அண்ணி போய் உட்கார்ந்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். நான் முழுசாகத் திறந்தே கொடுத்திருந்தேன், அண்ணன் இடது கையால் போகஸ் பிடித்தார். பிறகு வலது கையைத் தூக்கினார். கை வரும்போதே நடுங்கிக்கொண்டு வந்தது.

கட்டைவிரல் பட்டதும் ரிங் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போனது. திரையில் அண்ணியின் பின்னால் வெளுத்துக் கிடந்த வானம் மெல்ல மெல்ல நிறமாகி வந்தது, அவள் முகம் தெளிந்து வந்தது. அண்ணன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். இடது கையால் பட்டனை அமுக்கினார்.

ஒரே படம்தான். இன்னொன்று எடு என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். வெயில் போய்விட்டது.

அண்ணி ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் இருந்தாள். முகம் மாறித்தான் போனது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, முடிந்த நாளில் மிஷினில் உட்காருவாள். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். பிறகு புற்று கழுத்துக்கு இறங்கியது. அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியத்துக்கு முன்னால் படத்தைப் பெரிதாக்க விழுப்புரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பரா வந்துக்கீதுக்கா. ஆனா அம்மா கேமராவப் பாக்கல, கண்ணு கீழ போவுது. மேல தூக்கிடட்டா? ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

"கண்ணுல கை வெச்ச, மவனே, கைய ஒடிச்சிடுவேன்!" என்று போட்ட சத்தத்தில் அவன் மவுஸை விட்டுவிட்டு எழுந்துவிட்டான். பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

பதினாறாம் நாள் திண்டிவனம் வீட்டு வாசலில் பந்தல். படத்தின்மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். அண்ணனைத்தான் திறக்கச் சொன்னார்கள். அவர் இடது கையால் துணியை இழுத்தார். நாவல்பழ நிறச் சேலையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கன்னம் முழுசாக, தாடை முழுசாக, கிட்டத்தட்ட சிரிப்பு. பந்தலில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். என்னா அழகா இருக்கா பாரு என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் பூப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனபிறகும் அண்ணன் அங்கேயே நின்றார். நான் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பின்னால் போட்டேன். உட்காரவில்லை.

"கேமராவப் பாக்கல பாரு" என்றார். "என் கையப் பாத்துக்கினு இருக்கா."

கீழே விழுந்திருந்த பூவைப் பொறுக்கிப் படத்தடியில் வைத்தேன்.

"அந்த ரிங்க லூஸ் பண்ணி வெச்சது இவதான? வீட்ல வேற யாரு இருந்தா தொட?" என்றார் அண்ணன்.

மறைக்க என்னால் முடியவில்லை. "ஆமாண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். இடது கையால் வலது கையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"அப்ப, இது எடுக்கும்போது சுத்துனது? அதுவும் சும்மாவா?"

"இல்லண்ணா" என்றேன். இந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் அன்று எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "மூணு ஸ்க்ரூவும் டைட்டாதான் இருந்துச்சு. நான்தான் இறுக்குனேன். அன்னிக்கு நெசமாவே நீதான் சுத்துன."

அண்ணன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி போனபிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார்.

லென்ஸ் இப்போது என் கடையில் இருக்கிறது. நான் நினைத்தபடியே எண்ணெய் தகடுகளில் ஏறி ஒட்டிக்கொண்டுவிட்டது, ரிங் அசைவதில்லை. பிரித்துத் துடைத்தால் சரியாகிவிடும், எனக்குத் தெரிந்த வேலைதான். இன்னும் செய்யவில்லை.